பேச்சு வேறு, தண்ணீர் வேறு

எழுத்தாளர்கள் அதிகமாகச் செலவழிக்கும் சொல் எது என்று யாராவது கணக்கெடுத்தால், 'அன்பு' என்ற சொல்தான் முதலில் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். கடிதத்தின் தலைப்பில் அன்பு. நாவலின் நடுவில் அன்பு. மேடை ஏறினால் முதல் வாக்கியத்திலேயே அன்பு. இவ்வளவு தாராளமாக வாரி வழங்கப்படுகிற ஒரு பொருளுக்கு உண்மையில் விலை இருக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு. சென்ற மாதம் ஒரு வாசகர் அந்தச் சந்தேகத்தை வேறொரு பக்கத்திலிருந்து கிளப்பிவிட்டார். 'பகைவனிடத்திலும் அன்பு வேண்டும் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அது மனித மனத்தால் ஆகக்கூடியதா? ஆகாது என்றால் அதைச் சொல்வானேன்? இதில் உங்கள் நம்பிக்கை என்ன?' என்று எழுதிக் கேட்டிருந்தார்.

நான் கிறிஸ்தவன் அல்ல. சைவக் குடும்பத்தில் பிறந்தவன். மதுரையில் கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில் பைபிளைப் பாடமாகவும், பிறகு கதை எழுதத் தொடங்கிய நாட்களில் ஆசையாகவும் படித்தவன். எனக்கு இறையியல் தெரியாது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. தபால் அட்டையில் பதில் எழுதி முடிக்கக்கூடியதும் அல்ல. அதற்கு எனக்குத் தெரிந்த விடை, நான் வளர்ந்த பூமியில்தான் இருக்கிறது. ஆகையால் உங்களையும் அங்கே அழைத்துக்கொண்டு போகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பாதையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஊருக்குள் இருக்கும்வரை தறிச் சத்தமும் மல்லிகைப் பூவின் வாசனையும் உண்டு. ஊரைத் தாண்டினால் கரிசலும் செவலும் மாறிமாறி வரும். பருத்தி, கம்பு, சோளம், மல்லி. இவை இல்லாத இடமெல்லாம் சீமைக் கருவேல். வானம் பார்த்த பூமி. குண்டாறு என்று ஓர் ஆறு இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி அது மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை சேர்ந்தாற்போல் பெய்து கண்மாய் நிறைந்தால் வீட்டில் கல்யாணம் நடக்கும். நிறையாவிட்டால் அந்த வீட்டு நகை அடகுக் கடைக்கு நடக்கும். ஒரு காலத்தில் இது ராமநாதபுரம் ஜில்லா. 1985இல் அதிலிருந்து பிரிந்தது. இன்று விருதுநகர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறியதே தவிர, மழையின் குணம் மாறவில்லை.

இந்தப் பக்கத்து ஜனங்களின் பேச்சில் 'அன்பு' என்ற சொல் அநேகமாகக் கிடையாது. பிரியம் என்பார்கள், பாசம் என்பார்கள், 'உசிரா இருப்பாக' என்பார்கள். எல்லாம் உற்றார் உறவினருக்கு உரியவை. பகை என்ற சொல்லுக்கோ இங்கே குறைவே இல்லை. வரப்புப் பகை, வாய்க்கால் பகை, தேர்வடம் பிடிப்பதில் பகை. தாத்தா தொடங்கியதைப் பேரன் நடத்துகிற பகை. 1899இல் சிவகாசிக் கலவரமும், 1957இல் முதுகுளத்தூர்க் கலவரமும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நடந்தன. பகைவனை நேசி என்ற வார்த்தையை இங்கே கொண்டுவந்து சொல்வது, கோடையில் கண்மாய்க்குள் நின்றுகொண்டு நீச்சல் கற்றுக்கொடுப்பது மாதிரி.

ஆனால் ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பைபிளும் வறண்ட பூமியில் பிறந்த புத்தகம்தான். அதைத் திறந்தால் கிணறும், நீர்த்தொட்டியும், முன்மாரியும் பின்மாரியும் வந்துகொண்டே இருக்கும். ஈசாக்கின் வேலைக்காரர்கள் கிணறு தோண்டுவார்கள். உள்ளூர் மேய்ப்பர்கள் தண்ணீர் எங்களுடையது என்று சண்டைக்கு வருவார்கள். இவர்கள் அதை விட்டுவிட்டு வேறொன்று தோண்டுவார்கள். அதற்கும் சண்டை வரும். எங்கள் ஊர்ப் பத்திரத்தைப் படிக்கிற மாதிரி இருக்கும். பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசு அதற்குக் காட்டிய சாட்சியும் மழைதான். கடவுள் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் சேர்த்தே வெயிலைத் தருகிறார், மழையைத் தருகிறார். நீங்களும் அவருடைய பிள்ளைகளாக இருங்கள் என்பது அந்த உபதேசத்தின் சாரம். காவிரிக் கரையில் இருப்பவருக்கு இது ஓர் உபமானம். எங்களுக்கு இது அனுபவம். ஒரு வரப்பில் பெய்த மழை அடுத்த வரப்பில் பெய்யாமல் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் வரப்புக்காரனின் யோக்கியதையைப் பார்த்துப் பெய்த மழையை ஒருநாளும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழைக்கு உள்ளத்தில் உருக்கம் உண்டா என்று அங்கே கேள்வியே இல்லை. அது பெய்கிறது, அவ்வளவுதான். அந்த உபதேசத்தில் அடுத்தடுத்து வருகிற கட்டளைகளும் செயல்களே: நன்மை செய், வாழ்த்து, வேண்டிக்கொள், கடன் கொடு. மனத்தில் இன்ன உணர்ச்சி ஊற வேண்டும் என்று யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. கையால் இன்னதைச் செய் என்று சொல்ல முடியும்.

கிரேக்க மொழியில் இதற்கு ஒரு வசதி இருந்தது. காமம் கலந்த காதலுக்கு எரோஸ், நட்புக்குப் பிலியா, பெற்ற பாசத்துக்கு ஸ்டோர்கே என்று தனித்தனிச் சொற்கள். இவற்றில் எரோஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. அதற்கு முன் அதிகம் வழங்காத அகாபே என்ற சொல்லை எடுத்து, கிறிஸ்தவர்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். தமிழில் ஹென்றி பவர் முதலியோர் உழைத்து 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பைப் பார்த்தால், அவர்கள் இந்தச் சொல்லோடு பட்ட பாடு தெரிகிறது. அயலானிடம் 'அன்புகூர' வேண்டும். பகைவனையோ 'சிநேகிக்க' வேண்டும்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கடைசியில் ஒரு காட்சி வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசு, தம்மை மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம் மூன்று தரம் ஒரே கேள்வியைக் கேட்கிறார். முதல் இரண்டு தரம் கேட்பது அகாபேயைப் பற்றி. பேதுரு இரண்டு தரமும் பிலியாவைத்தான் பதிலாகச் சொல்கிறான். மூன்றாந் தரம் கேட்கிறபோது இயேசுவே பேதுருவின் சொல்லுக்கு இறங்கி வந்துவிடுகிறார். தமிழிலும் 'அன்பாயிருத்தல்' என்றும் 'நேசித்தல்' என்றும் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இது வெறும் சொல் மாற்றம், இதில் பொருள் தேடாதே என்று சொல்லும் பண்டிதர்களும் உண்டு. கதை எழுதுகிறவனான எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'என்னிடம் இருப்பது இவ்வளவுதான்' என்கிறான் ஒருவன். 'சரி, இருப்பதைக் கொடு' என்கிறார் மற்றவர். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் அவர் கண்ணீரையோ சத்தியத்தையோ கேட்கவில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று வேலை கொடுக்கிறார்.

இனி, திருச்சுழிக்கு வருவோம். இந்தச் சின்ன ஊருக்கு அன்பைப் பற்றிப் பேச ஒரு தனி உரிமை உண்டு. இங்கே உள்ள பூமிநாதர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். கடவுளைத் தோழன் என்று உரிமை கொண்டாடியவர் அவர். அந்தக் கோயிலை ஒட்டிய ஒரு வீட்டில்தான், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி ரமண மகரிஷி பிறந்தார். தகப்பனார் சுந்தரம் ஐயர் வக்கீல் தொழில் பார்த்தவர். வருகிறவர்களுக்குச் சோறு போட்டு இடமும் கொடுக்கும் வீடு என்று பெயர் வாங்கியவர். 1892இல் அவர் காலமானார். பிள்ளை மதுரையில் சிற்றப்பா வீட்டிலிருந்து அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1896இல் திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. பள்ளியில் கேட்ட பைபிள் அவரை விட்டுப் போகவில்லை. பிற்காலத்து உரையாடல்களில் அதன் வாக்கியங்களை அவர் எடுத்துக் காட்டியது உண்டு.

1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி இரவு, அவருடைய ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆத்திரத்தில் அவருடைய தொடையில் அடித்தார்கள். போதாது என்றால் மற்றக் காலிலும் அடித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அவர் சொன்னாராம். பதிலுக்கு அடிக்க எழுந்த சீடர்களையும் தடுத்துவிட்டார். நம் பல் நம் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லைத் தட்டி எறிந்துவிடுகிறோமா என்பது அவர் சொன்ன நியாயம்.

மற்றக் காலைக் காட்டியதில் மிஷன் பள்ளிக்கூடத்தின் எதிரொலி கேட்கிறது அல்லவா? ஆனால் நியாயம் வேறு. ரமணருக்குப் பல்லும் தன்னுடையது, நாக்கும் தன்னுடையது. பிறன் என்று ஒருவனே இல்லாதபோது பகைவன் எங்கிருந்து வருவான்? பெரிய தரிசனம்; தலை வணங்குகிறேன். என்றாலும் என் போன்ற சாமானியனுக்கு, பிறன் பிறனாகவே தெரிகிறான். அவன் என் வரப்பை வெட்டியவன். என் மேல் பொய் வழக்குப் போட்டவன். அவனும் நானும் ஒன்று என்று வாயால் சொல்லலாம். ராத்திரி தூக்கத்தில் தெரியாது. கிறிஸ்தவ உபதேசம் இந்த இடத்தில்தான் எனக்குக் கைகொடுக்கிறது. அவன் பகைவன் இல்லை என்று அது சாதிக்கவில்லை. பகைவனாகவே இருக்கட்டும், அவன் தாகத்துக்கு நீ பொறுப்பு என்கிறது.

இந்த உபதேசம் எங்கள் பக்கம் வந்தது அமெரிக்கன் மதுரை மிஷன் வழியாக. 1834இல் மதுரையில் தொடங்கிய அந்த மிஷனுக்கு, திருச்சுழி வட்டாரத்தில் மண்டபசாலை என்ற கிராமத்தில் ஒரு நிலையம் இருந்தது. ஹொரேஸ் டெய்லர் என்ற அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே இருந்து ஊழியம் செய்தார். ஜனங்கள் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்று அழைத்தார்கள். கிராமத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வந்த உபதேசம் உடனே சோதனைக்கும் வந்தது. 1847இல், சாதியை விட்டுவிட்டோம் என்பதற்கு அடையாளமாக எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து சேர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் தன்னுடைய ஊழியர்களைக் கேட்டது. பலர் வேலையை விட்டாலும் விடுவோம், அந்தப் பந்தியில் உட்காரமாட்டோம் என்று போய்விட்டார்கள். அகாபே என்ற சொல்லுக்கு ஆதிக் கிறிஸ்தவர்களிடையே இன்னொரு பொருளும் இருந்தது: எல்லாரும் கூடி உண்கிற பொதுப் பந்தி. அன்புக்கும் பந்திக்கும் ஒரே பெயர்! அன்பு இருக்கிறதா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் இருக்கிற மாதிரிதான் இருக்கும். பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் பின் நூறு வருஷம் கழித்தும் தமிழ்நாட்டில் சில தேவாலயங்களில் தனி வரிசையும், சில கல்லறைத் தோட்டங்களில் நடுச்சுவரும் இருந்தன என்பதை நினைத்தால், அந்தப் பந்தி இன்னும் முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது சோதனை பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் கதைகளை எங்கள் வீட்டுக் கிழவிகள் தங்கள் கிழவிகளிடம் கேட்டதாகச் சொல்வார்கள். சர்க்கார் நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு, 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். ஒரு மனிதன் சாகாமல் இருக்க எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்று தராசில் நிறுத்துப் பார்த்த கணக்கு அது. மிஷன்காரர்கள் பல இடங்களில் கஞ்சி ஊற்றினார்கள். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார்கள். அந்த வருஷங்களில் தென் ஜில்லாக்களில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள். 'கஞ்சிக்கு மதம் மாறினவர்கள்' என்ற ஏளனமும் அன்றைக்கே பிறந்துவிட்டது.

அந்தக் கஞ்சி அன்பா, தூண்டில் புழுவா? இதைக் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. அளந்து பார்க்க வெளியிலிருந்து கோல் கொண்டுவர வேண்டியதில்லை. இயேசு சொன்ன கதையே போதும். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். அவனுடைய சொந்த ஜாதிப் பெரியவர்கள் இரண்டு பேர் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறார்கள். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட சமாரியன் ஒருவன் நின்று, காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு நாள் கூலிக்குச் சமமான பணத்தையும் கொடுத்துவிட்டுத் தன் வழியே போகிறான். எங்கள் மலைக்கு வந்து கும்பிடு என்று அவன் சொல்லவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை. இந்த அளவுக்கு நின்று கொடுத்த கை எதுவானாலும் அது அன்பின் கை. கொடுத்துவிட்டுக் கணக்கு எழுதிக்கொண்ட கை எதுவானாலும் அது வியாபாரியின் கை. மிஷன் பந்தலில் இரண்டு வகைக் கைகளும் இருந்திருக்கும். ஆனால் வாங்கிக் குடித்தவனை ஏளனம் செய்தவர்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கரண்டி கஞ்சியும் கொடாமல், குடித்தவனின் விசுவாசத்தைச் சோதிக்க வந்தவர்கள் அவர்கள்.

சரி, பகைவன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் தெருக் கோடியில் இருந்த ஒரு வேதக்காரக் கிழவி. எழுத்து வாசனை இல்லாதவள். அவளுக்கும் பக்கத்துப் புஞ்சைக்காரர் வீட்டுக்கும் வரப்புத் தகராறு; கோர்ட்டுவரை போய், இரண்டு பக்கமும் பணம் கரைந்து, பேச்சுவார்த்தை அற்றுப்போய்ப் பல வருஷம்.

அந்தக் கோடையில் ஊருணி வற்றிவிட்டது. பெண்டு பிள்ளைகள் எல்லாம் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டினோம். தோண்டினவருக்கு அந்த ஊற்று. சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும்; நாலு சிரட்டை அள்ளினால் ஊற்று வற்றும்; மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். கிழவி விடியுமுன் வந்து நல்ல ஊற்றாகப் பார்த்துத் தோண்டியிருந்தாள். அவள் குடம் முக்கால்வாசி நிறைந்த நேரத்தில், அந்தப் பகை வீட்டு மருமகள் நிறைமாத வயிற்றோடு வந்து, குனிந்து தோண்ட முடியாமல் நின்றாள். கிழவி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தன் குடத்தை எடுத்து அந்தப் பெண்ணின் குடத்தில் கவிழ்த்தாள். பிறகு உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து அள்ளத் தொடங்கினாள்.

அந்தப் பெண் போனபின் நான் கேட்டேன்: "ஏ அப்பத்தா, அவுக வீட்டோடதான் உங்களுக்குப் பேச்சே கிடையாதே?"

"ஆமா, கிடையாது. இப்பவும் பேசமாட்டேன்" என்றாள் கிழவி. "பேச்சு வேற, தண்ணி வேற அய்யா. தண்ணி குடுக்கமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அவள் அந்தக் குடும்பத்தை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. வழக்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை. கடைசிவரை வரப்பு தன்னுடையது என்றே வாதாடினாள். ஆனால் அன்று அவள் கொடுத்தது ஒரு குடம் தண்ணீர் மட்டுமல்ல, ஒரு மணி நேரத்து முதுகுவலி. உபதேசம் கேட்டதும் அவ்வளவுதானே? பகைவனைக் கட்டிப்பிடித்து அழு என்று அது சொல்லவில்லை. வாசகர் என்னிடம் கேட்ட 'மனித மனத்தால் ஆகுமா?' என்ற கேள்விக்கு, மனத்தால் ஆகாவிட்டாலும் கையால் ஆகும் என்பதுதான் என் விடை. கை பழகினால் மனம் பின்னாலேயே மெள்ள வந்து சேர்ந்தாலும் சேரும். சேராவிட்டாலும் அந்தப் பெண்ணின் தாகம் தீர்ந்தது தீர்ந்ததுதான்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. உருக்கமே இல்லாத தருமம் வறட்டுக் கடமை ஆகிவிடாதா என்பார்கள். ஆகலாம். ஆனால் உருக்கம் ஆளைப் பார்த்துத்தான் வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. நம்முடைய ஜாதிக் குழந்தை அழுதால் வருகிற உருக்கம், குளத்துக்கு அந்தப் பக்கத்துக் குழந்தை அழுதால் அரைப்பங்குதான் வருகிறது. உருக்கத்தை நம்பி உலகத்தை விட்டால் பாதிப் பேர் தாகத்தில் செத்துப்போவார்கள்.

எங்கள் கண்மாய்களில் நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருந்தது உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவர் வேலை. அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு. பெரும்பாலும் ஊர் ஒதுக்கி வைத்த சாதியைச் சேர்ந்தவராக இருப்பார். சொந்த நிலம் இராது. அதனாலேயே அவர் ஒரு பக்கம் சாயமாட்டார் என்று ஊர் நம்பியது. தன்னைத் திண்ணையில் உட்காரவிடாதவனின் வயலுக்கும், தன்னிடம் நாலு நல்ல வார்த்தை பேசுகிறவனின் வயலுக்கும் ஒரே கணக்கில் தண்ணீர் விட்டார். அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர், தன் உயிரான தண்ணீரை மட்டும் அவர் கையில் கொடுத்திருந்தது! மழையைப் போல் இரு என்ற உபதேசத்தை, அதைக் காதால் கேளாமலே நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். பதிலுக்கு ஊர் அவர்களுக்கு என்ன செய்தது என்ற கேள்விதான் எனக்கு மிகவும் கசக்கிறது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு, ஏனங்களில் புழங்காத ஜாதியின் கையால் குடிக்கத் தயாரானார் இயேசு. எங்கள் ஊரில் அந்த ஒரு காரியம் நடக்க எத்தனை தலைமுறை ஆயிற்று!

எனக்கு மதம் மாற வேண்டும் என்று தோன்றியதில்லை. கடவுள் அன்பு வடிவானவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதையும், எங்கள் சைவப் பெரியவர்கள் அதையே வேறு சொற்களால் சொல்லியிருப்பதையும் படிக்கிறபோது மனம் குளிர்கிறது. அது உண்மையா என்று நிரூபிக்க என்னால் ஆகாது. என் நம்பிக்கை அதைவிடச் சின்னது. எனக்குப் பிடிக்காதவனுக்கு நான் செய்ததுதான் என்னுடைய அன்பின் அளவு. பிடித்தவர்களுக்குச் செய்ததெல்லாம் என் சந்தோஷத்தின் கணக்கில் போகட்டும். கதை எழுதும்போதும் இந்த அளவையே வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். வில்லனுக்கும் ஒரு தாயைக் கொடுத்து, அவனுக்கும் தாகம் எடுக்கும் என்று காட்டிய பிறகுதான் பேனாவை மூட வேண்டும்.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். உங்களுக்கும் ஒரு பகைவர் இருப்பார். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திராது. அவரை நேசிக்க முடியுமா என்று உள்ளே தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அவருக்கு இப்போது என்ன தேவை என்று விசாரித்துப் பாருங்கள். அது உங்களிடம் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். பேச வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.